துடைக்கக் கூடாத கரி

சித்திரை பிறந்த கையோடு எங்கள் காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் ஓர் அமைதி வந்து குடிகொண்டுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்குக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாதென்பது சட்டமாகையால், வருஷம் முழுவதும் அலையோடு மல்லுக்கு நின்ற படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டும் கரையேற்றப்பட்டும் கிடக்க, வலைக் கிழிசல் பார்ப்பவர்களும், வர்ணம் பூசுகிறவர்களும், இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு லைனரையும் ரிங்கையும் மாற்றுகிறவர்களுமாக அந்த இரண்டு மாதமும் பழுது பார்க்கும் பருவமாகவே கழிகிறது. படகு ஓடாதபோது மீன் வண்டிக்கும் வேலையில்லை. ஆகவே கேரளத்துக்கு மீன் ஏற்றிப் போகும் என் அக்காள் மகனுடைய வேனும் அந்தச் சமயத்தில்தான் பட்டறைக்குப் போயிற்று.

வண்டி கறுப்புப் புகை கக்குகிறது, ஏற்றத்தில் திணறுகிறது என்பது புகார். “இன்ஜெக்டர் போயிடுச்சுன்னு சொல்றாங்க மாமா, நீங்க ஒரு தடவை வந்து பாருங்க” என்று அவன் அழைத்ததால் ஒரு மாலை வேளையில் நான் பட்டறைக்குப் போனேன். வாசற்படியில், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் உட்கார்ந்து, விரல் நீளங்கூட இல்லாத ஒரு சிறு உருக்கு ஊசியை எமரித் தாளுக்குள் சுற்றி, இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டி உருட்டித் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி தேய்க்கிறே?”

“கரி சார். டீசல் கரி. எவ்வளவு தேய்ச்சாலும் போவ மாட்டேங்குது.”

ஊசியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். காக்கைச் சிறகின் மினுமினுப்போடு கூடிய ஒரு கறுப்பு அதன் உடல் முழுவதும் படர்ந்திருந்தது. ஒரு பக்கத்தில் மாத்திரம், நகக்கண் பிறையளவுக்கு, கறுப்பு நீங்கி உருக்கின் வெண்மை பளிச்சிட்டது. “தம்பி, இது கரிதான். ஆனால் புகையிலே வந்த கரி இல்லை. தொழிற்சாலையிலே பூசி அனுப்பின கரி. இதைத் துடைக்கக் கூடாது” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து மேஸ்திரி வந்துவிட்டார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது அந்த வெள்ளைப் பிறைதான். “டேய், கோட்டிங்கையே வழிச்செடுத்துட்டியேடா!” என்று அவர் வைத வசவையும், தலையைக் குனிந்துகொண்டு எமரித் தாளை நாலாக மடித்து அந்தப் பையன் பைக்குள் போட்டுக்கொண்டதையும் என்னால் எளிதில் மறக்க முடியவில்லை. எப்படியும் புது இன்ஜெக்டர்தான் வாங்கப் போகிறோம் என்பதால் பழைய ஊசியை நான் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். இந்தப் பதிவு அந்த ஊசியைப் பற்றியதுதான்.

கறுப்பாயிருப்பதை அழுக்கென்று கருதுவது மனித சுபாவம். சனீஸ்வரன் கோயிலுள்ள திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் பிறந்து, கறுப்பு வஸ்திரத்துக்கும் எள்ளுக்கும் உரிய மரியாதையைக் குழந்தைப் பருவம் தொட்டே பார்த்து வளர்ந்த எங்களுக்குக்கூட, பாத்திரத்தில் கரி கண்டால் கை தானாகவே சாம்பலையும் தேங்காய் நாரையும் தேடிப் போகிறது. ஆயினும் கரியை வேண்டுமென்றே ஒரு பரப்பின்மேல் படிய வைத்து, அதைப் பொக்கிஷம்போல் சேகரிக்கும் கலை ஒன்று எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் பாட்டி கண்மை தயாரிப்பாள். அகலில் விளக்கெண்ணெய் ஊற்றித் திரியேற்றி, இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, அதன்மேல் ஒரு பித்தளைத் தட்டைக் கவிழ்த்துவிட்டு, இராத்திரி முழுவதும் எரிய விடுவாள். காலையில் தட்டைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் வெல்வெட்டுப் போல் கரி படிந்திருக்கும். ஊதினால் பறக்கும், தொட்டால் விரலோடு வந்துவிடும். அவள் அதைக் கோழியிறகால் வழித்தெடுப்பாள். அந்த மையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், சில பத்து நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைகள் சரம் சரமாகக் கோத்துக் கிடப்பதையும், ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் வெங்காயத்தின் தோல்போலக் கரியணுப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டிருப்பதையும் காணலாம். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு.

பாட்டியின் தட்டில் நடந்ததற்கும் ஊசியின்மேல் நடந்திருப்பதற்கும் அடிப்படையில் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் கரியைத் தரும் ஒரு பொருள் ஆவியாகி அல்லது வாயுவாகி, சிதைந்து, பரப்பின்மேல் வந்து படிகிறது. வேற்றுமை, வந்து சேரும் வேகத்தில் இருக்கிறது. விளக்கின் கரி காற்றில் மிதந்து வந்து மெல்ல உட்காருகிறது. ஊசியின் கரியோ, காற்றை வாங்கிவிட்ட ஒரு கலத்துக்குள், மின்சாரத்தால் உந்தப்பட்ட அயனிகளாகப் பாய்ந்து வந்து அறைகிறது. அப்படி அறையும் வேகத்தில், சாதாரணமாகப் பென்சில் கரியாக அமைந்திருக்க வேண்டிய அணுக்களில் ஒரு பங்கு, வைரத்தில் அமைவதுபோல அண்டையிலுள்ள நான்கு அணுக்களோடு கைகோத்துக்கொண்டு இறுகிவிடுகிறது. ஒழுங்கான படிகமும் அன்று, மென்மையான மையும் அன்று; வைரத்தின் பிணைப்பும் பென்சில் கரியின் பிணைப்பும் ஒன்றில் ஒன்று கலந்து உறைந்துபோன ஒரு பொருள் அது. வைரநிகர் கரி என்று அதை அழைப்பது பொருத்தமாயிருக்கும்.

வைரம் என்ற சொல்லை நம்மவர்கள் கல்லுக்கு மாத்திரம் வைத்துக்கொள்ளவில்லை. மரத்தின் நடுவில் இறுகிக் கறுத்த பகுதியையும் வைரம் என்றே சொல்கிறோம். வைரம் பாய்ந்த கட்டையைக் கரையான் தொடாது. இறுக்கத்துக்கும் கறுமைக்கும் உள்ள உறவைத் தச்சர்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தார்கள் என்று எனக்கு இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் தோன்றும். கரியின் இந்த இரண்டு ரூபங்களையும் ஆராய்வதில் தமிழ்நாட்டில் பிறந்த இருவர் பெரும்பங்கு கொண்டார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சர் சி. வி. ராமன், வாழ்நாளில் பல ஆண்டுகளை வைரத்தை ஆராய்வதிலேயே செலவிட்டார். அவரோடு 1928இல் ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் உழைத்த கே. எஸ். கிருஷ்ணன், பென்சில் கரியாகிய கிராபைட்டை எடுத்துக்கொண்டு, அதன் படலங்களின் நெடுக்கில் மின்சாரம் எளிதாகப் பாய்வதும், குறுக்கே பாய மறுப்பதும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதைக் கங்குலி என்பவரோடு சேர்ந்து 1939இல் அளந்து காட்டினார். இன்று உலகத்தில் எந்த மூலையில் ஒருவர் கரிப்பூச்சு ஒன்றைத் தயாரித்தாலும், அதில் வைரத்தன்மை எவ்வளவு, கிராபைட்டின் தன்மை எவ்வளவு என்று பார்க்க முதலில் கை நீட்டுவது ராமன் நிறமாலைக் கருவியின் பக்கந்தான்.

பூச்சின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடினமான கரிப்படலம் ஒன்றை 1953இல் ஜெர்மனியில் ஷ்மெல்லன்மையர் கண்டு எழுதினார். அது அதிகமாகக் கவனிக்கப்படவில்லை. 1971இல் அமெரிக்காவில் ஐசன்பெர்க்கும் ஷாபோவும் அயனிக் கற்றையால் இத்தகைய படலத்தைப் படியவைத்து, வைரம் போன்ற கரி என்று பெயரிட்டார்கள். அதன்பின் பலரும் இந்தத் துறையில் இறங்கினார்கள்.

ஆனால் கடினத்தோடு ஒரு துன்பமும் கூடவே வந்தது. அறைந்து அறைந்து திணிக்கப்பட்ட அணுக்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டேயிருக்கின்றன. நெரிசல் மிகுந்த தேர்த்திருவிழாக் கூட்டம் கயிற்று வேலியை வெளிப்பக்கமாகத் தள்ளுவதுபோல, படலத்துக்குள் ஓர் உள்ளழுத்தம் குடியிருக்கிறது. மிகக் கடினமான வகைகளில் அது பத்து கிகாபாஸ்கல் அளவுக்குக்கூடப் போகும். படலம் சற்றே தடித்தால் போதும், தானாகவே புடைத்து, சுவரில் சுண்ணாம்பு பொருக்குவிட்டு உதிர்வதைப் போல உதிர்ந்துவிடும். கலத்தைத் திறக்கும்போது முழுமையாக இருந்த பூச்சு, மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெளிநெளியாகக் கோடுவிட்டுப் பிரிவதை என் ஆராய்ச்சிக் காலத்தில் கண்ணால் கண்டு கலங்கியிருக்கிறேன்.

இந்தத் துன்பத்துக்குப் பரிகாரமாக வந்ததுதான் உலோகம். 1980களில் ஜெர்மனியில் டிமிகன் முதலியோர், கரிப்படலம் வளரும்போதே அதற்குள் டங்ஸ்டன் போன்ற உலோகத்தைச் சிறிதளவு தூவிச் சேர்த்தால் என்ன நேரிடும் என்று பார்த்தார்கள். கடினம் கொஞ்சம் குறைந்தது. உள்ளழுத்தம் வெகுவாகத் தணிந்தது. பூச்சு உருக்கைப் பற்றிக்கொண்டு நின்றது. டங்ஸ்டனும் குரோமியமும் டைட்டேனியமும் கரியோடு சேர்ந்து கார்பைடு என்னும் சிறு சிறு படிகங்களாகிவிடுகின்றன. வெள்ளியும் செம்பும் கரியோடு உறவு வைத்துக்கொள்ளாமல் தனித்தனி மணிகளாகவே கரிக்குள் தங்கிவிடுகின்றன. இந்த மணிகளின் பருமன் இரண்டு முதல் ஐந்து நானோமீட்டர். கடினமான கார்பைடு மணியை மென்மையான கரி ஏந்திக்கொண்டிருப்பதால், விரிசல் ஒன்று ஓடி வந்தால் மணிக்கு மணி திசை மாறி ஓய்ந்துபோகிறது. செங்கல்லும் சாந்தும் கலந்த சுவர் நிற்பதும், ஒற்றைக் கண்ணாடிப் பலகை சிதறுவதும் ஏன் என்று யோசித்தால் இது விளங்கும்.

டீசல் ஊசிக்கு இத்தனை பாதுகாப்பு எதற்கு என்று கேட்கலாம். இக்காலத்து இன்ஜெக்டரில் டீசல் 2000 பார் அழுத்தத்துக்கும் மேலாக நெருக்கப்படுகிறது. கடலின் ஆகப் பெரிய ஆழம் சுமார் 11 கிலோமீட்டர்; அங்கே தண்ணீரின் அழுத்தம் சுமார் 1100 பார். அதைப்போல ஏறத்தாழ இருமடங்கு அழுத்தத்தில், இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளியே உள்ள ஒரு துளைக்குள் அந்த ஊசி நிமிஷத்துக்குப் பல நூறு தடவை மேலும் கீழும் ஓடுகிறது. முன்பெல்லாம் டீசலில் கந்தகத்தோடு கூடவே இருந்த வேறு சில பொருள்கள் இயற்கையாகவே வழுவழுப்பைத் தந்துகொண்டிருந்தன. 2020 ஏப்ரல் முதல் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாதென்று வந்துவிட்ட பிறகு, எண்ணெயைச் சுத்தம் செய்யும் முறையில் அந்த வழுவழுப்பும் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட வேறு பொருள் கலக்கிறார்கள். காற்றுக்கு நல்லது, ஊசிக்குக் கஷ்டம். அந்தக் கஷ்டத்தில் ஒரு பகுதியைத்தான் இரண்டு மைக்ரான் தடிப்புள்ள கறுப்புப் பூச்சு தாங்கிக்கொள்கிறது. தலைமயிரின் குறுக்களவில் இது முப்பதில் ஒரு பங்குகூட இராது.

இவ்வளவு மெல்லிய பொருளுக்குள் என்ன நடக்கிறதென்று ஒளியால் பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே 400 நானோமீட்டருக்குக் குறையாததாகையால், எவ்வளவு உயர்ந்த கண்ணாடி வில்லையைக் கொண்டுவந்தாலும் இருநூறு நானோமீட்டருக்குக் கீழே எல்லாம் கலங்கிப்போகும். எலக்ட்ரானுக்கும் அலையின் சுபாவம் உண்டென்று தெரிந்த சில வருஷங்களிலேயே, 1931இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் காந்தச் சுருளையே வில்லையாக வைத்து முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியை அமைத்தார்கள். அந்தச் செயலுக்கு நோபல் பரிசு 1986இல், ஐம்பத்தைந்து வருஷங்கள் கழித்து, ருஸ்காவைத் தேடி வந்தது. அதற்குள் நோல் காலமாகிவிட்டார். நம் நாட்டில் 1940களில் கல்கத்தாவில் நீரஜ்நாத் தாஸ்குப்தா தம் மாணவர்களோடு சேர்ந்து ஒன்றைக் கட்டினார். இரண்டு லட்சம் வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் அலைநீளம் 0.0025 நானோமீட்டர், அணுவைவிட எத்தனையோ மடங்கு சிறியது.

நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவனாயிருந்தபோது, இந்தக் கருவிக்கு முன்னால் கழித்த இரவுகள் என் வாழ்க்கையின் நிறைவான இரவுகளில் சேர்ந்தவை. பகலில் தெருவில் லாரி போனால்கூடப் பிம்பம் நடுங்கும் என்பதால் இரவு முறையைத்தான் கேட்டு வாங்குவேன். பூச்சின் குறுக்குவெட்டைப் பார்க்க வேண்டுமானால், முதலில் காலியம் அயனிக் கற்றையால் பூச்சின் இரண்டு பக்கமும் குழி தோண்டி, நடுவில் எஞ்சும் மெல்லிய சுவரைப் பெயர்த்தெடுத்து, நூறு நானோமீட்டருக்கும் குறைவாகும் வரையில் சீவ வேண்டும். அதற்கு முன்பாக, வெட்டும்போது மேல்விளிம்பு கரைந்துபோகாதிருக்க, பிளாட்டினத்தால் ஒரு வரப்புப் போட்டுக்கொள்வார்கள். ஒரு சுவர் தயாராக அரை நாள் ஆகும். பாதியில் அது சுருண்டுபோனால் மறுபடியும் தொடக்கத்திலிருந்து.

தயாரான சுவர் வழியே எலக்ட்ரான் பாய்ந்து திரையில் முதன்முதலாகப் பிம்பம் விழும் கணத்தை நான் இப்போதும் கண்முன் காண்கிறேன். அடியில் உருக்கின் படிகங்கள், வயல் வரப்புகள் போலக் கோணல்மாணலான எல்லைகளோடு. அதன்மேல் குரோமியம், நெருக்கமாக நட்ட மூங்கில் குத்துகள் போல நிமிர்ந்த தூண்களாக. இந்தக் குரோமியந்தான் அஸ்திவாரம். கரி நேராக உருக்கைப் பற்றாது, குரோமியம் இரண்டையும் பற்றும். அதற்கும் மேலே டங்ஸ்டன் கார்பைடு மிகுந்த ஒரு படலம். அதிலிருந்து மேலே போகப் போக டங்ஸ்டன் குறைந்து கரி மிகுந்து, கடைசியில் பூச்சின் பிரதானப் பகுதி. அந்தப் பகுதிக்குள் கறுப்பும் சாம்பலுமாகச் சில நானோமீட்டருக்கு ஒரு கோடு வீதம், பனையோலைச் சுவடிக் கட்டைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல, நூற்றுக்கணக்கான வரிகள். பூச்சுக் கலத்துக்குள் துண்டுகள் மேடையில் சுற்றிச்சுற்றி வரும். டங்ஸ்டன் பலகைக்கு எதிரே வரும் ஒவ்வொரு தடவையும் உலோகம் மிகுந்த ஒரு வரி விழும். விலகிப் போகும்போது கரி மிகுந்த வரி. மரத்தின் வளையத்தை எண்ணி வயதைச் சொல்வதுபோல, அந்த வரிகளை எண்ணி மேடை எத்தனை சுற்றுச் சுற்றியதென்று சொல்லிவிடலாம். நான் ஒரு விடியற்காலையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்; கலத்தின் நாட்குறிப்பில் எழுதியிருந்த சுற்றுக்கணக்கும் என் எண்ணிக்கையும் ஒத்துப்போயின. அந்தச் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ள அந்த வேளையில் காவல்காரரைத் தவிர ஒருவரும் இல்லை. அவரை அழைத்து வந்து காட்டினேன்.

இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். சுவரைக் கடந்து வரும் எலக்ட்ரான், வழியில் எவ்வளவு சக்தியை இழந்தது என்று அளந்தால், கரி எந்தப் பிணைப்பில் இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. கிராபைட் வகைப் பிணைப்பு இருந்தால் 285 எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு சிறு சிகரம் எழும். தூய வைரத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். அந்த ஒரு சிகரத்தின் உயரத்தை வைத்துக்கொண்டு, உராய்ந்த பரப்பில் வைரத்தன்மை குறைந்து கிராபைட்டின் தன்மை கூடியிருக்கிறதென்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். தேயும்போது மேல்தோல் கிராபைட்டாகி, எதிரே உராயும் உலோகத்திலும் சிறிது ஒட்டிக்கொண்டு, கரிமேல் கரி வழுக்கும் நிலையை அந்தப் பூச்சே உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால் பார்ப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எலக்ட்ரான் கற்றையே வைரப் பிணைப்பைக் குலைக்க வல்லது. அது மாத்திரமன்று, துண்டில் எண்ணெய்ப் பசை சிறிது இருந்தாலும் கற்றை விழுந்த இடத்தில் அந்தப் பசை சிதைந்து புதுக்கரியாகப் படிந்துவிடும். கரியைப் பார்க்கப்போய், நம் பார்வையே இட்ட கரியை அளந்துவிட்டு வரும் ஆபத்து உண்டு. என் முதல் அளவைகள் சில இந்தக் காரணத்தால்தான் வீணாயின.

காற்றின் ஈரத்துக்கும் இந்தக் கரிகளுக்கும் உள்ள சம்பந்தம், கடலோரத்துக்காரனாகிய எனக்கு விசேஷமாகப் பிடித்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் விமானங்கள் மிக உயரத்தில் பறந்தபோது, மின்னாக்கியிலிருந்த கார்பன் பிரஷ்கள் வெகு சீக்கிரத்தில் பொடியாய்த் தேய்ந்துபோயின. காரணம், அந்த உயரத்துக் காற்றில் நீராவி மிகக் குறைவு. கிராபைட் வழுக்குவதற்கு ஈரம் வேண்டும். ஹைட்ரஜன் நிறைந்த வைரநிகர் கரியோ நேர் எதிரானது: வறண்ட நைட்ரஜனில் வைத்தால் உராய்வெண் நூறில் ஒன்றுக்கும் கீழே போய்விடும், ஈரக் காற்றில் பல மடங்கு ஏறிவிடும். எங்கள் ஊரின் உப்புக்காற்றில் எது எப்படி நடந்துகொள்ளும் என்பது குளிர்ப்பிரதேசத்து ஆய்வுக்கூட அளவைகளைக் கொண்டு மட்டும் தீர்மானிக்கத்தக்கதன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்தச் சந்தர்ப்பத்தில் கீழடியைக் குறிப்பிடாமல் போக எனக்கு மனம் வரவில்லை. வைகைக் கரையில் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் தோண்டியெடுத்த பானை ஓடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சை, வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் ராமன் நிறமாலையிலும் ஆராய்ந்து, அதில் கரிக்குழல்கள், அதாவது கரியணுப் படலமே சுருண்டு குழலான நுண்பொருள்கள், இருப்பதாக 2020இல் வெளியிட்டார்கள். ஓடுகளின் காலம் பொது ஆண்டுக்கு முன் ஆறாம் நூற்றாண்டு என்று அவர்கள் குறிக்கிறார்கள். ஏதோ ஒரு தாவரச் சாற்றைப் பூசிச் சூளையில் சுட்டிருக்கலாம் என்பது அவர்களுடைய ஊகம். அந்தக் குயவருக்கு நானோவைப் பற்றித் தெரியும் என்று சொல்லி மார்தட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை; ஆனால் மண்ணுக்குள் இத்தனை நூற்றாண்டு கிடந்தும் உதிராத ஒரு கரிப்பூச்சை இட, எந்தச் சாறு, எவ்வளவு சூடு, எவ்வளவு புகை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு அவர் கையில் இருந்தது. நமக்கு அது நுண்ணோக்கி வழியாகக் கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பி வருகிறது.

இனி, அந்த ஊசி. அதை ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு மேஜையில் வைத்திருந்தேன். எழுதும்போதெல்லாம் கண் அந்த வெள்ளைப் பிறைமேல் போகும். கூடவே பையனின் குனிந்த தலையும் நினைவுக்கு வரும். வெறும் எமரித் தாளால், அதுவும் விரலால் உருட்டி, இரண்டு மைக்ரான் பூச்சை அப்படி ஒரே இடத்தில் வழித்தெடுக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பணியாற்றும் பழைய நண்பரிடம் ஊடுருவும் வகை இல்லை, பரப்பை வருடிப் பார்க்கும் வகை நுண்ணோக்கி உண்டு. அவரிடம் நேரம் கேட்டேன். மேஸ்திரியிடம் ஒரு நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு பையனையும் பஸ்ஸில் அழைத்துப் போனேன்.

ஊசியை ஆல்கஹாலில் கழுவி, கருவிக்குள் வைத்துக் காற்றை இறைத்தார்கள். திரையில் படம் எழுந்ததும் பையன் முதலில் கேட்டது, “சார், கறுப்பு எங்கே?” என்றுதான். நியாயமான கேள்வி. பின்னோக்கிச் சிதறும் எலக்ட்ரான்களால் பார்க்கும்போது, கனமான அணு மிகுந்த இடம் வெளுப்பாகத் தெரியும். டங்ஸ்டனின் அணு எண் 74, இரும்புக்கு 26, கரிக்கு 6. எண்ணிக்கையில் கரியே அதிகமாயிருந்தாலும் எடையில் டங்ஸ்டன் மிகுந்த அந்தப் பூச்சு திரையில் வெள்ளை வெளேரென்று இருந்தது. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்த பிறை சாம்பல் நிறமாகக் கிடந்தது. இதைச் சொன்னதும் அவன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான்.

பிறையின் விளிம்பைப் பெரிதாக்கினோம். ஆயிரம் மடங்கு, மூவாயிரம் மடங்கு. சாம்பல் பரப்பு முழுவதும் நெருக்கமான நுண்கீறல்கள், ஏர்க்கால் ஓடிய சால்களைப் போல, எல்லாம் ஒரே திசையில், ஊசியின் நெடுக்கில். விளிம்பில் பூச்சு வெட்டுப்பட்டு நிற்கவில்லை. ஆற்றங்கரை நீருக்குள் சரிவதுபோல மெல்லச் சரிந்து, வழியில் மேலும் பளீரென்ற ஒரு மெல்லிய கோட்டைக் காட்டிவிட்டு, உருக்கில் போய் முடிந்தது. அந்தப் பளீரென்ற கோடு அடியிலிருந்த டங்ஸ்டன் படலம். ஒரு சாலின் முடிவில் சிறு மணி ஒன்று உருக்குக்குள் பதிந்து கிடந்தது. நண்பர் கற்றையை அதன்மேல் நிறுத்தி எக்ஸ் கதிரைப் பார்த்தார்: சிலிக்கனும் ஆக்சிஜனும். மணல்.

“உன் வண்டி ஊசி எந்தப் பக்கமாப்பா ஓடும்?” என்று நண்பர் கேட்டார்.

“மேலே கீழே சார். நெட்டுக்கு.”

“நீ எப்படி உருட்டினே?”

பையன் இரண்டு விரலைச் சேர்த்து உருட்டிக் காட்டினான். காட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் கை நின்றது. நண்பர் படத்தைச் சற்று நகர்த்தினார். பூச்சின் வெண்மையின்மேல், ஊசியின் குறுக்காக, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆழமில்லாத கோடுகள் தெரிந்தன. சில கோடுகள் விளிம்பைத் தாண்டிப் பிறைக்குள்ளும் இறங்கி, நெடுக்குச் சால்களின் மேலேறிக் குறுக்கே கடந்து போயிருந்தன. சால்கள் முதலில் விழுந்தவை, கோடுகள் பின்னால் வந்தவை. ஒரு கோடுகூடப் பூச்சைத் துளைத்து அடிவரையில் போகவில்லை.

பையன் எழுந்து திரைக்கு அருகில் போய், தொடாமல், ஒரு விரலை மட்டும் நீட்டி, அந்தக் குறுக்குக் கோடுகளில் ஒன்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரையில் தொடர்ந்து காட்டினான்.

“இது நான் போட்டது சார்” என்றான். பிறகு விரலைப் பிறையின் மேல் கொண்டுபோய் நிறுத்தி, “இது நான் போடல.”

அந்தப் படத்தை ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுக்கும்படி நண்பரிடம் கேட்டு வாங்கினேன். திரும்பும் வழியில் பஸ்ஸில் அவன் அதை மடிக்காமல், சுருட்டவும் செய்யாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தான். காரைக்கால் வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை; நேரே பட்டறைக்குப் போனான்.